ஊர் கூடி இழுக்கும் தேர்



ஆடி மாதம் பிறந்துவிட்டால் நம் வீட்டுப் பிள்ளைகள் ஒரு கேள்வியைக் கேட்காமல் இருப்பதில்லை. "எல்லாரும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தேர் பார்க்கப் போகிறார்களே, நாம் ஏன் போவதில்லை?" என்பதே அந்தக் கேள்வி. வகுப்பில் பக்கத்தில் உட்காரும் பிள்ளை போகிறது. அடுத்த வீட்டார் போகிறார்கள். மில்லில் உடன் வேலை பார்ப்பவர் குடும்பத்தோடு பஸ் ஏறுகிறார். ஆடிப்பூரத் தேரோட்டத்தன்று விருதுநகர் ஜில்லா முழுவதற்கும் உள்ளூர் விடுமுறை. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே பத்துக் கிலோமீட்டர் சொச்சம்தான் தூரம். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும் பிள்ளை கேட்கத்தானே செய்யும்?

"அது நம்முடையது அல்ல" என்று ஒரே சொல்லில் வாயை அடைத்துவிடுவது சுலபம். அவ்விதம் அடைக்கப்பட்ட பிள்ளை இரண்டில் ஒன்றைக் கற்றுக்கொள்ளும். அண்டை அயலாரின் பக்தியை அலட்சியமாகப் பார்க்கக் கற்கும்; அல்லது, நம் பெற்றோருக்குப் பதில் தெரியாது என்று கற்கும். இரண்டுமே நல்லதல்ல. ஆதலால் இவ்வாரப் பாடத்தில், ஜனங்கள் பெருந்திரளாய்க் கூடும் சமயத் திருவிழாக்களைப் பற்றியும், அத்திரள் அமைதியாய்க் கலைந்து வீடு போய்ச் சேருவதற்கு என்னென்ன வேண்டும் என்பதைப் பற்றியும் சற்று நின்று யோசிப்போம்.

முதலில் நம் கண்முன் இருக்கும் தேரைப் பார்ப்போம். ஸ்ரீவில்லிபுத்தூர் என்றதும் 11 நிலைகளும் 192 அடி உயரமும் உள்ள கோபுரம் நினைவுக்கு வரும். வெளியூர்க்காரருக்குப் பால்கோவாவும் நினைவுக்கு வரும். அவ்வூரில் பெரியாழ்வார் என்ற பக்தர் நந்தவனம் வைத்துப் பெருமாளுக்குப் பூமாலை கட்டிவந்தார் என்றும், அங்கே துளசிச் செடியின் அடியில் ஒரு பெண் குழந்தையைக் கண்டெடுத்து வளர்த்தார் என்றும், அக்குழந்தையே ஆண்டாள் என்றும் வைஷ்ணவர்கள் சொல்லுகிறார்கள். ஆழ்வார்கள் பன்னிருவரில் பெண் இவர் ஒருவரே. இவர் பிறந்த நட்சத்திரம் ஆடி மாதத்துப் பூரம். அதைக் கொண்டாடும் திருவிழா கொடியேற்றத்தோடு தொடங்கி, ஐந்தாம் நாள் ஐந்து கருட சேவை, ஏழாம் நாள் சயன சேவை என்று வளர்ந்து, ஒன்பதாம் நாள் தேரோட்டத்தில் உச்சத்தை அடைகிறது. கொடியேற்றம், நவநாள், தேர் என்று பழகிய நமக்கு இந்த வரிசை புதிதாய்த் தோன்றாது. தமிழ்நாட்டில் நம் முன்னோர் திருவிழாக் கொண்டாடும் முறையை ஐரோப்பாவிலிருந்து மட்டும் பெறவில்லை. இந்த மண்ணிலிருந்தும் எடுத்துக்கொண்டார்கள்.

ஆண்டாள் பாடிய திருப்பாவையில் முப்பது பாசுரங்கள். அவற்றில் ஆறாவது முதல் பதினைந்தாவது வரை உள்ள பத்துப் பாட்டுகளும், மார்கழி விடியற்காலையில் வீடு வீடாகச் சென்று தூங்கும் தோழியரை எழுப்பும் பாட்டுகள். மூன்றில் ஒரு பங்கு! தான் மட்டும் போய்க் கும்பிட்டுவிட்டு வந்தால் போதாது, எழுந்திராதவளையும் கூட்டிக்கொண்டே போக வேண்டும் என்பது அந்தப் பாட்டின் பிடிவாதம். நம் வேதாகமத்திலும் இதற்குச் சமானம் உண்டு. சங்கீத புத்தகத்தில் பதினைந்து சங்கீதங்கள் எருசலேமுக்கு ஏறிப்போகும் யாத்திரிகர் பாடியவை. அவையும் கூட்டமாய்ப் போவதின் சந்தோஷத்தைப் பாடுகின்றன. கடவுளைத் தேடி ஒருவன் தனியே போகலாம். ஆனால் மனிதன் எந்தத் தேசத்திலும் எந்தக் காலத்திலும் தனியே போக விரும்பவில்லை.

இனி, தேர் எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல பாடம் அரிது.

முன்னே நீண்ட வடங்கள். அவற்றைப் பிடித்து ஆயிரக்கணக்கானவர் இழுக்கிறார்கள். வடத்தின் முன்முனையில் நிற்பவனுக்குத் தேரின் சக்கரம் தெரியாது. சக்கரத்தின் அருகே நிற்பவனுக்கு வடத்தின் முனை தெரியாது. பின்னாலே நெம்புதடி போடுபவர்களுக்கு முன்னே நடப்பது எதுவும் தெரியாது. தேர்ச் சக்கரத்தை ஒட்டி, கையில் முட்டுக்கட்டையோடு குனிந்தபடியே சிலர் நடப்பார்கள். தெருமுனை வந்தால் தேரைத் திருப்புவது அவர்களே. சக்கரத்தின் கீழே கட்டையைச் சரிவாகக் கொடுத்து, ஓர் அங்குலம் இரண்டு அங்குலமாகத் தேரைத் திசை மாற்றுகிறார்கள். தேர் வேகம் பிடித்தால் நிறுத்துவதும் அவர்களே. ஆயிரம் பேர் இழுக்கிற வேகத்தை ஒருவன் போடுகிற கட்டை நிறுத்திவிடும். அவன் பிந்தினாலோ, கை தவறினாலோ உயிர்ச்சேதம். வடம் பிடிப்பவனுக்குக் கிடைக்கும் பெருமை முட்டுக்கட்டைக்காரனுக்குக் கிடைப்பதில்லை. "எல்லாவற்றுக்கும் முட்டுக்கட்டை போடுகிறான்" என்று நாம் வசைச்சொல்லாகவே வேறு வழங்குகிறோம்! தேரடியில் அந்தச் சொல்லுக்கு அர்த்தமே வேறு.

முற்காலத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரிய தேர் நிலையை வந்து சேர நாட்கணக்காகும். பிற்காலத்தில் இரும்பு அச்சும் ஹைடிராலிக் பிரேக்கும் பொருத்திய பிறகு சில மணி நேரத்தில் நான்கு ரத வீதியையும் சுற்றி வந்துவிடுகிறது. ஆனால் இரும்பு வந்ததால் மனிதனுடைய கவனம் வேண்டாததாகிவிடவில்லை. தேருக்கு முன்பே வீதியில் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். குறுக்கே செல்லும் கம்பிகளை அகற்ற வேண்டும். 2022 ஏப்ரல் 27 அதிகாலையில் தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில், அப்பர் விழாத் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் உரசிப் பதினொரு பேர் மாண்டதை நாம் மறந்துவிடவில்லை. குழந்தைகளும் அதில் இருந்தார்கள். பக்தியில் ஒரு குறையும் இல்லை. கம்பிதான் தேருக்குத் தாழ்வாய் இருந்தது.

கும்பகோணம் மகாமகத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் அந்தத் தீர்த்தவாரியில், 1992 பிப்ரவரி 18 அன்று குளக்கரையில் நெரிசல் உண்டாகி ஐம்பது பேரளவில் உயிரிழந்தனர். அதே குளம், அதே படித்துறை, அதே பக்தி. 2004லும் 2016லும் அதே விழா அமைதியாய் நடந்தது. இடையில் மாறியது என்ன? ஒரே நாளில் ஒரே நாழிகையில் முழுகியே தீர வேண்டும் என்றில்லாமல், விழா நாட்கள் பலவற்றிலும் ஜனங்கள் வந்து நீராடிப்போக ஊக்கமளித்தார்கள். உள்ளே போகிற வழியும் வெளியே வருகிற வழியும் முட்டிக்கொள்ளாதபடி பிரித்தார்கள். கூட்டம் என்பது தானாக அமைதியாயிருக்கிற வஸ்து அல்ல. யாரோ சிலர் பல மாதம் முன்பே உட்கார்ந்து, எந்தத் தெருவில் எத்தனை பேர், தண்ணீர் எங்கே, வைத்தியர் எங்கே என்று கணக்குப் போட்டதால் அமைதியாயிருக்கிறது.

நமதாண்டவர் சேசுநாதருக்கும் இது தெரிந்திருந்தது. ஐயாயிரம் பேருக்கு அப்பம் பகிர்ந்த புதுமையை நாம் எல்லோரும் பிரசங்கத்தில் பலமுறை கேட்டிருக்கிறோம். அப்பம் பலுகியதையே கவனிக்கிறோம். அர்ச். மாற்கு எழுதிய சுவிசேஷம் ஆறாம் அதிகாரத்தைத் திறந்து, அப்பம் பலுகுவதற்கு முன்னே என்ன நடந்தது என்று பாருங்கள். அவர் ஜனங்களைப் பசும்புல்லின்மேல் பந்தி பந்தியாக, நூறு நூறாகவும் ஐம்பது ஐம்பதாகவும் உட்காரச் செய்கிறார். பசித்திருக்கும் ஐயாயிரம் பேர் நின்றுகொண்டிருக்கும்போது அப்பத்தை எடுத்து நீட்டினால் என்ன ஆகும்? அன்னதானப் பந்தல் எதையாவது மேற்பார்த்த அனுபவம் உள்ளவர்களைக் கேளுங்கள், சொல்லுவார்கள். முதலில் உட்காரவைத்தார், பிறகுதான் அப்பத்தைக் கையில் எடுத்தார். பிள்ளைகளையும் ஸ்திரீகளையும் யாரும் இடித்துத் தள்ளாமல், பெலவீனருக்கும் பங்கு கிடைத்ததற்கு அந்த வரிசை ஒரு காரணம் அல்லவா?

இன்னொரு சம்பவமும் உண்டு. சேசு பாலனுக்குப் பன்னிரண்டு வயது. பாஸ்காத் திருவிழாவுக்குத் திருக்குடும்பம் எருசலேம் போகிறது. திரும்பும்போது, பிள்ளை உறவினர் கூட்டத்தோடு வருகிறது என்று எண்ணிப் பெற்றோர் ஒருநாள் வழி நடந்துவிடுகிறார்கள். பிள்ளையைக் காணோம். மூன்றாம் நாள்தான் கண்டுபிடிக்கிறார்கள். திருவிழாக் கூட்டத்தில் பிள்ளையைத் தேடி அலைகிற தாய்க்குத் தேவமாதாவைவிட நல்ல துணை யார்? ஒலிபெருக்கியில் "சிவப்புச் சட்டை போட்ட பையன், பெயர் சொல்லத் தெரியவில்லை" என்று அறிவிக்கும்போது சிரிப்பவர்கள் இதைச் சற்று நினைத்துக்கொள்ளட்டும். எந்தத் திருவிழாவுக்குப் போனாலும் சிறு பிள்ளையின் சட்டைப் பையில் பெற்றோர் பெயரையும் தொலைபேசி எண்ணையும் ஒரு தாளில் எழுதி வைத்தனுப்புங்கள். இதையும் பாடத்தில் சேர்த்துக்கொள்ளலாம், தவறில்லை.

இனி நம்முடைய திருவிழாக்களுக்கு வருவோம். ஆகஸ்டு 29ல் வேளாங்கண்ணியில் கொடி ஏறுகிறது. செப்டம்பர் 8ல் மாதாவின் பிறந்தநாளோடு நிறைவு பெறுகிறது. இருபத்திமூன்றாம் அருளப்பர் பாப்பரசர் 1962ல் அத்தேவாலயத்துக்குப் பசிலிக்கா என்ற பட்டம் கொடுத்தார். காவி வேட்டி காவிச் சேலையோடு நெடுந்தூரம் கால்நடையாய் வரும் கூட்டத்தைப் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். அவர்களில் இந்துக்கள் அநேகர். மொட்டையடிக்கிறார்கள், தொட்டில் கட்டுகிறார்கள், முழங்காலால் நடக்கிறார்கள். யாரும் அவர்களை "நீ யார், எந்தக் கோவில்?" என்று கேட்பதில்லை. கோவில்பட்டிப் பக்கம் காமநாயக்கன்பட்டியில் ஆகஸ்டு 15 அன்று பரலோகமாதா திருவிழாவுக்குப் போகிறவர்களும் இதையே பார்க்கலாம். வீரமாமுனிவர் ஊழியம் செய்த மிகப் பழைய பங்கு அது. தூத்துக்குடிப் பனிமயமாதாவின் பொற்றேர் 1806ல் முதன்முதலாக ஓடியது. அது ஆண்டுதோறும் ஓடுவதில்லை. 2013ல் ஓடியது, பிறகு 2023ல் ஓடியது. அந்த வடத்தைப் பிடித்தவர்கள் எல்லாரும் ஞானஸ்நானம் பெற்றவர்கள்தானா என்று யாராவது எண்ணிப் பார்த்திருப்பார்களா?

வேளாங்கண்ணியிலிருந்து வடக்கே சற்றுத் தூரத்தில் நாகூர். அங்கே சாகுல் அமீது ஆண்டவர் தர்காவில் பதினான்கு நாள் கந்தூரி நடக்கிறது. அந்தத் தர்காவின் மிக உயரமான மினாரைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சையை ஆண்ட மராட்டிய அரசர் பிரதாபசிங்கர், ஓர் இந்து. 2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறந்த திருநாளுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, கடல் பொங்கி வந்து வேளாங்கண்ணிக் கரையிலிருந்த யாத்திரிகர் எத்தனையோ பேரை வாரிக்கொண்டு போயிற்று. அந்த நாட்களில் நாகப்பட்டினக் கரையில் கோவில், தர்கா, தேவாலயம் என்று பாராமல் கதவு திறந்திருந்த இடத்தில் ஜனங்கள் அடைக்கலம் புகுந்தார்கள். நாகூர் தர்காவிலும் அடைக்கலமும் சோறும் கிடைத்தன. வருஷா வருஷம் ஒருவர் திருவிழாவுக்கு ஒருவர் போய்ப் பழகிய கால்களுக்கு, ஆபத்து நாளில் வழி கேட்க வேண்டியிருக்கவில்லை.

இதெல்லாம் கேட்க இனிமையாய் இருக்கிறது. ஆனால் இனிமையானதை மட்டும் சொல்லி முடித்தால் பாடம் பாதிதான். தேர் ஜனங்களைச் சேர்க்கும். தேரே ஜனங்களைப் பிரிக்கவும் செய்யும். எந்தத் தெருவில் தேர் போகும், எந்தத் தெருவில் போகாது, யார் வடம் பிடிக்கலாம், யார் தள்ளி நின்று பார்க்க வேண்டும், யாருக்கு முதல் மரியாதை என்ற கேள்விகள் எழும்போது வடம் கயிறாய் இராது, பாம்பாய்விடும்.

தேவகோட்டைக்கு அருகே கண்டதேவி. அங்குள்ள சிவன் கோவில் தேரின் வடத்தைத் தாழ்த்தப்பட்ட மக்களும் பிடிக்கலாமா என்பதில் 1990-களின் பிற்பகுதியில் தகராறு மூண்டது. வழக்கு, காவல், தடை என்று நீண்டு, பல ஆண்டுகள் தேர் நகராமலே நின்றது. 2024 ஜூன் மாதத்தில்தான், நீதிமன்றம் தலையிட்ட பிறகு, பெரும் காவலோடு மறுபடியும் ஓடியது. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் தங்கள் ஊர்த் தேர் ஓடுவதைப் பாராமலே வளர்ந்தார்கள்.

"அது அவர்கள் கோவில் விஷயம்" என்று நாம் சொல்லிவிட முடியாது. திருநெல்வேலி ஜில்லா வடக்கன்குளத்தில் 19ஆம் நூற்றாண்டில் கட்டிய நம் தேவாலயத்தைப் பாருங்கள். இரண்டு சாதியார் ஒரே பீடத்தைப் பார்க்க வேண்டும், ஆனால் ஒருவரையொருவர் பார்க்கக் கூடாது என்பதற்காக, கால்சட்டையின் இரண்டு கால்களைப்போல இரண்டு பிரிவாக அதைக் கட்டினார்கள். நடுவே சுவர். ஒரே நற்கருணை; சுவருக்கு இப்பக்கம் ஒரு கூட்டம், அப்பக்கம் ஒரு கூட்டம். அந்தச் சுவரை 1910ல் இடித்தார்கள். இடித்ததற்காகச் சண்டையும் கோர்ட்டு வழக்கும் நடந்தன. சுவர் எழுப்பியதற்கு அத்தனை சண்டை நடந்ததாகத் தெரியவில்லை, இதைக் கவனியுங்கள். நூறாண்டு கழிந்து புத்தி வந்துவிட்டதா என்றால், 2008 மார்ச்சில் அன்றைய விழுப்புரம் ஜில்லாவைச் சேர்ந்த எறையூரில் கத்தோலிக்கரும் கத்தோலிக்கரும் சாதியின் பெயரால் மோதி, காவலர் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர்.

சமயத்துக்கும் சமயத்துக்கும் மோதல் வந்ததும் உண்டு. கன்னியாகுமரி ஜில்லா மண்டைக்காட்டில் 1982 மார்ச்சு 1 அன்று, பகவதியம்மன் கோவில் விழாச் சமயத்தில் இந்துக்களுக்கும் நம்மவருக்கும் மூண்ட கலகத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின; கரையோரக் கிராமங்களில் பல நாள் தீ அணையவில்லை. எத்தனையோ தலைமுறையாக அந்தக் கடற்கரையில் மீனவரும் அம்மன் பக்தரும் பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்தவர்களே. அந்த நாட்களில் குன்றக்குடி அடிகளார், சைவ மடத்தின் தலைவர், அங்கே சென்று இரு சாராரிடையிலும் சமாதானம் உண்டாக உழைத்தார். சமாதானம் செய்கிறவர்களை ஆண்டவர் மலைப்பிரசங்கத்தில் யாருடைய மக்கள் என்று அழைத்தார் என்பதைப் பிள்ளைகளிடம் கேளுங்கள். அந்த வாக்கில், அவர்கள் எந்தச் சமயம் என்ற நிபந்தனை எதுவும் இல்லை.

நம் ஜில்லாவும் இதற்குத் தூரமல்ல. 1997ல், ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வைத்த பெயர் காரணமாக, இந்த வட்டாரத்துச் சாலைகளில் சாதிக் கலவரம் எரிந்தது. முடிவில் ஜில்லாக்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் வைத்திருந்த தலைவர் பெயர்களை எல்லாம் அரசாங்கம் எடுத்துவிட வேண்டியதாயிற்று. ஒரு பஸ்ஸின்மேல் எழுதிய பெயரைத் தாங்காத ஊர்களில், ஆண்டுக்கொரு முறை ஒரே வீதியில் லட்சம் பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்று, மாலையில் சண்டையின்றி வீடு திரும்புகிறார்கள் என்றால், அதைச் சாதாரணமாய் எண்ணக் கூடாது.

மதுரைச் சித்திரைத் திருவிழா இதற்கு நல்ல உதாரணம். மீனாட்சி திருக்கல்யாணம் சைவர்களுடையது. அழகர் ஆற்றில் இறங்குவது வைஷ்ணவர்களுடையது. தனித்தனிக் காலத்தில் நடந்துவந்த இரண்டையும் திருமலை நாயக்கர் சித்திரையில் சேர்த்துவிட்டார் என்று மதுரை வரலாறு சொல்லுகிறது. நகரத்தாரும் நாட்டுப்புறத்தாரும் ஒரே வாரத்தில் ஒரே ஆற்றங்கரையில் கூடலானார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் சூடிய மாலை அழகருக்குச் சாத்துவதற்காக மதுரைக்குப் போகிறது. புரட்டாசியில் திருப்பதிக்கும் போகிறது. ஆடிப்பூரத் தேருக்கு ஸ்ரீரங்கத்திலிருந்து பட்டு வருகிறது. மாலை போக, பட்டு வர, ஊருக்கும் ஊருக்கும் போக்குவரத்து இருக்கிறது. நம் பங்குகளுக்கிடையிலும், ஒரு பங்குத் திருவிழாவுக்கு அடுத்த பங்கு மக்கள் ஒரு நாள் பூசையும் நவநாளும் ஏற்று நடத்துவது அதே எண்ணத்தால்தான். அந்த வழக்கத்தைச் செலவு என்று சொல்லிக் குறைத்துவிடுகிற பங்குகள் சற்று யோசிக்கட்டும்.

சரி, பிள்ளையின் கேள்விக்கு வருவோம். போகலாமா, கூடாதா?

திருச்சபை என்ன போதிக்கிறது? ஆறாம் சின்னப்பர் பாப்பரசர் 1964 டிசம்பரில் பம்பாய்க்கு வந்தார். இந்தியாவில் கால் வைத்த முதல் பாப்பரசர் அவரே. சர்வதேச தேவ நற்கருணை மாநாட்டுக்காக வந்தவரைக் காண வழிநெடுகக் காத்திருந்தவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள் அல்லர். பிற சமயத் தலைவர்களிடம் அவர் பேசியபோது உபநிஷதத்திலிருந்த ஒரு ஜெபத்தையே எடுத்துச் சொன்னார். அடுத்த ஆண்டு, 1965 அக்டோபர் 28ல், வத்திக்கான் பொதுச்சங்கம் கிறிஸ்தவமல்லாத சமயங்களைப் பற்றிய பிரகடனத்தை வெளியிட்டது. ஆதரவாக 2,221 வாக்கு, எதிராக 88. அச்சமயங்களில் உண்மையும் பரிசுத்தமுமாய் உள்ள எதையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்பது அதன் சாரம். இரண்டாம் அருள் சின்னப்பர் 1986 அக்டோபர் 27ல் பல சமயத் தலைவர்களை அசிசி நகருக்கு அழைத்துச் சமாதானத்துக்காக வேண்டிக்கொள்ளச் செய்தார். எல்லோரும் ஒரே ஜெபத்தைச் சொல்லவில்லை. ஒரே ஊரில் கூடி, அவரவர் ஜெபத்தை அவரவர் சொன்னார்கள். அந்த வேறுபாட்டை நன்றாய்க் கவனித்துக்கொள்ளுங்கள்.

வடம் பிடிப்பது அவர்களுக்கு ஆராதனை, பொழுதுபோக்கு அல்ல. அதை நாம் வேடிக்கையாகச் செய்தால் நம் விசுவாசத்துக்கும் உண்மையாயிருக்க மாட்டோம், அவர்கள் பக்திக்கும் மரியாதை செய்தவர்களாக மாட்டோம். இதைப் பிள்ளையிடம் நேராகச் சொல்லலாம். "பின் ஏன் அவர்கள் நம் மாதா தேரை இழுக்கிறார்கள்?" என்று அது திருப்பிக் கேட்கும், கேட்கட்டும். அவர்கள் தங்கள் மனச்சாட்சிப்படி, மாதாவிடம் நம்பிக்கை வைத்து வருகிறார்கள். நாம் நம் மனச்சாட்சிப்படி நடக்கிறோம். இதில் யாரும் யாரையும் குறைவாய் எண்ண வேண்டியதில்லை என்று சொல்லுங்கள். அப்பதில் பிள்ளைக்கு முழுத் திருப்தி கொடுக்காமல் போகலாம். நமக்கும் அது சற்று உறுத்தவே செய்யும், உறுத்துவது நல்லதுதான்.

ஆனால் தேர்வீதியில் நமக்குச் செய்ய எத்தனையோ இருக்கிறது. ஆடி வெயிலில் வடம் பிடித்து வருகிறவனுக்கு நீர்மோர் கொடுக்க எந்த மறைக்கல்வியும் தடை சொல்லாது. வீட்டுத் திண்ணையில் களைத்து உட்காரும் வெளியூர் மூதாட்டியை எழுப்பாதிருக்கலாம். வேலை பார்க்கிற இடத்தில், திருவிழா நாளில் அவர் முறையை நாம் ஏற்றுக்கொண்டு, கிறிஸ்துமஸ் நாளில் நம் முறையை அவர் ஏற்றுக்கொள்ளும்படி பேசி வைத்துக்கொள்ளலாம். மில்லில் வேலை செய்பவர்கள் பலர் இதை ஏற்கெனவே செய்துவருகிறார்கள். அவர்களுடைய ஊர்வலம் நம் கோவில் வாசலைக் கடக்கும்போது நம் ஒலிபெருக்கி சற்று மௌனமாய் இருக்கட்டும். பூக்குழி இறங்க விரதமிருந்து மஞ்சள் உடுத்தி வருகிறவரைப் பார்த்து நம் வாலிபர் கேலி பேசுவதைக் கண்டால் பெற்றோர் அங்கேயே கண்டிக்க வேண்டும். தபசு காலத்தில் நாம் இருக்கும் ஒருசந்தியைப் பிறர் கேலி செய்தால் நமக்கு எப்படி இருக்கும்?

தேர் நிலைக்கு வந்த இரவில், ரத வீதிகளைக் கூட்டிச் சுத்தம் செய்கிறவர்களை மறந்துவிடாதீர்கள். செருப்பும் வாழையிலையும் பிளாஸ்டிக் குவளையும் மலையாய்க் கிடக்கும் வீதியை விடிவதற்குள் துப்புரவாக்குகிறவர்கள் நகராட்சித் தொழிலாளர்கள். அவர்களின் பாட்டன்மாரில் பலர் அந்தக் கோவிலுக்குள் நுழைய உரிமை இல்லாதிருந்தவர்கள். 1939 ஜூலை 8ல் வைத்தியநாத ஐயர் மதுரை மீனாட்சி கோவிலுக்குள் அம்மக்களை அழைத்துச் சென்றதும், 1947ல் சென்னை மாகாணத்தில் கோவில் நுழைவுச் சட்டம் வந்ததும் எவ்வளவோ காலத்துக்கு முந்தியவை அல்ல. நம் பங்குத் திருவிழா முடிந்தபின் கோவில் வளாகத்தைக் கூட்டுகிறவர்களில் எத்தனை பேரை நாம் அசனப் பந்தியில் முதல் வரிசையில் உட்காரவைத்திருக்கிறோம்?

இனி, நம் பங்குத் திருவிழாவுக்குக் கூட்டம் போட்டுத் திட்டம் செய்யும்போது சப்பரம் போகும் பாதையின் வரைபடத்தை ஒரு தாளில் போட்டு எல்லோர் முன்பாகவும் வையுங்கள். எந்தெந்தத் தெருவில் போகிறது என்பதைவிட எந்தத் தெருவில் போகவில்லை என்று பாருங்கள். "அந்தத் தெரு குறுகல்" என்பார்கள், அளந்து பாருங்கள். "வழக்கமில்லை" என்பார்கள், வழக்கம் எப்போது தொடங்கியது, யார் தொடங்கினார்கள் என்று கேளுங்கள். சம்மனசும் புனிதரும் போகக் கூசாத தெருவுக்குள் சப்பரம் போகக் கூசுவானேன்? பாதையை மாற்றும்போது மனத்தாங்கல் வரும். அதற்காகவே திருவிழாவுக்கு இரண்டு நாள் இருக்கையில் பேசாமல், பல மாதம் முன்பே, கோபம் இல்லாத நேரத்தில் பேச வேண்டும். பாதையில் மசூதியோ கோவிலோ இருந்தால் அதன் பொறுப்பாளரிடம் பங்குச் சுவாமியாரும் இரண்டு பெரியவர்களும் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வருவது, பத்துக் காவலரை நிறுத்துவதைவிட மேல்.

இந்த ஞாயிறு மாலை, இராத்திரி ஜெபத்துக்கு முன், வீட்டில் பெரிய பிள்ளையைக்கொண்டு அர்ச். மாற்கு சுவிசேஷம் ஆறாம் அதிகாரத்தில் முப்பதாம் வசனம் முதல் நாற்பத்துநான்காம் வசனம் வரை வாசிக்கச் செய்யுங்கள். வாசித்த பிறகு பிள்ளைகளைக் கேளுங்கள்: பந்தி பந்தியாக உட்காரச் சொன்னபோது, யார் யார் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள்? பரிசேயன் பக்கத்தில் ஆயக்காரன் உட்கார நேர்ந்திருந்தால் அவன் என்ன செய்திருப்பான்? மீந்த துண்டுகளைப் பன்னிரண்டு கூடை நிறையப் பொறுக்கியவர்கள் யார்? பதில் எதுவானாலும் குறுக்கிடாமல் கேளுங்கள். தேரைப் பற்றி அவர்கள் மறுபடி கேட்டால், முட்டுக்கட்டைக்காரரைப் பற்றிச் சொல்லுங்கள்.